புறாவும் பூட்டிய வாயிலும்: ஒரு பேத்தியின் சாட்சியத்தில் பிக்காசோ

நவீன ஓவிய வரலாற்றிலே பப்லோ பிக்காசோவுக்கு (1881–1973) உரிய இடம் குறித்து ஐயம் எழுப்புவோர் இன்று அரியர். முற்போக்காளரைப் பொறுத்தவரையில் அவர் பெரும் ஓவியர் என்பதோடு அமையாது, ‘எம்மவர்’ என்றும் கருதப்பட்டு வந்துள்ளார். பாசிச விமானங்கள் பாஸ்க் மக்களின் நகரொன்றைத் தீக்கிரையாக்கியபோது ‘குவேர்னிகா’வை (1937) வரைந்தவர், 1944 ஒக்டோபரில் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்து, இறக்கும் வரையில் அதிலிருந்து விலகாதவர், 1949ஆம் ஆண்டுப் பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு அவர் அளித்த புறா, உலகெங்கும் தொழிலாளர் ஊர்வலங்களிற் பறந்தது. எமது நாட்டிலும், 1943இல் கொழும்பிலே தோன்றிய ‘43 குழு’வைச் சார்ந்த ஜோர்ஜ் கீற் போன்றோரின் தூரிகை வழியாக அவரது கோடுகளின் சாயல் எமக்கு அறிமுகமானது.

இத்தகைய ஒருவரைப் பற்றி அவரது பேத்தி மரீனா பிக்காசோ 2001ஆம் ஆண்டிலே ஒரு நினைவு நூலை வெளியிட்டார். அந்நூலிற் காணப்படும் பிக்காசோ அன்புள்ள பாட்டனாரல்லர். பேரப்பிள்ளைகளை வாயிலிற் காக்கவைத்தவர். பெற்ற மகனைப் பணத்தின் மூலம் அடிமைப்படுத்தியவர். தம்மை நெருங்கியோரை ஓவியத்துக்கு இரையாக்கிவிட்டுக் கைவிட்டவர். நூல் வெளிவந்ததும் வணிகப் பத்திரிகைகள் அதனை ஓர் ஊர்வம்பாக விற்றுப் பிழைத்தன. முற்போக்காளரிற் பலர், ஒரு மாபெரும் கலைஞனின் படுக்கையறையும் பணப்பெட்டியும் எமக்கெதற்கு என்று ஒதுங்கிக்கொண்டனர். குடும்பம் என்பது சமூக உறவுகளுக்குப் புறம்பான ஏதோ ஓர் அந்தரங்கத் தீவு என்ற எண்ணம் இவ்விரு சாராரிடத்தும் ஒருங்கே காணப்படுகின்றது. ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்ற நூலை எங்கெல்ஸ் 1884இலேயே எழுதிவிட்டார் என்பதை முற்பகுதியினர் அறியாதிருத்தல் இயல்பே. பிற்பகுதியினர் மறந்ததுதான் வியப்பு.

மரீனாவின் நூலை உடைமை உறவுகள் பற்றிய ஒரு சாட்சியமாக வாசிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதலிற் குடும்ப வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். டியாகிலெவின் ரஷிய பாலே குழுவில் ஆடிய ஒல்கா கொக்லோவாவை 1918இல் பிக்காசோ மணந்தார். அவர்களின் ஒரே மகன் பாவுலோ 1921இற் பிறந்தார். 1927இலே, தமக்கு நாற்பத்தைந்து வயதாயிருக்கையில், பதினேழு வயதினரான மரீ தெரேஸ் வால்ற்றரை பிக்காசோ சந்தித்தார். 1935இல் அவர்களுக்கு மாயா பிறந்தார். அதே ஆண்டில் ஒல்கா பிரிந்து சென்றார். பின்னர் டோரா மார். அவரையடுத்துப் பிரான்சுவாஸ் ஜிலோ. ஜிலோவின் பிள்ளைகள் குளோட் (1947), பலோமா (1949). இறுதியாக 1961இல் ஜாக்குலின் ரோக்கை மணந்தார். மரீனாவும் அவரின் தமையன் பப்லிற்றோவும் பாவுலோவின் முதல் மணத்துப் பிள்ளைகள். பேர்னார் இரண்டாம் மணத்துப் பிள்ளை.

பாவுலோவுக்கென ஒரு தொழில் அமையவில்லை. தந்தையின் காரோட்டும் சாரதியாக இருந்தார். தந்தை அளந்து கொடுத்த படியிலே சீவித்தார். மணமுறிவின் பின்னர் மனைவியும் இரு குழந்தைகளும் கோல்ஃப் ஜுவான் என்ற கடற்கரைச் சிற்றூரில் நெருக்கடியுடன் வாழ்ந்தனர். அங்கிருந்து கான் நகரிலுள்ள ‘லா கலிபோர்னி’ என்ற பிக்காசோவின் மாளிகை அதிக தொலைவிலில்லை. தந்தையோடு அங்கு செல்லும் நாட்களே மரீனாவின் நூலில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இரும்பு வாயில் பூட்டியிருக்கும். மணியடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஓவியர் வேலையாக இருக்கிறார், உறங்குகிறார், இன்று இயலாது என்று சில வேளைகளிலே பதில் வரும். உள்ளே அனுமதி கிடைக்கும் நாட்களில், குழந்தைகளின் முன்னிலையிலேயே மகன் தந்தையிடம் பணம் கேட்டு நிற்பார். மளிகைக் கடையிலே கடன் சொல்லி நிற்கும் ஒரு கூலித் தொழிலாளியின் கூச்சத்தை, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரும் செல்வம் படைத்த ஓவியரின் ஒரே சட்டபூர்வ மகனிடத்தில் நாம் காண்கின்றோம்.

அந்நூலிற் பலரும் கவனியாது கடந்துபோன ஒரு செய்தி உண்டு. பாட்டனாருக்கு மனம் மலர்ந்திருக்கும் வேளைகளிலே, கடதாசியை மடித்துப் பறவையும் பொம்மையும் செய்து குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்டுவாராம். ஆயின், அவற்றைக் குழந்தைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அவை பிக்காசோவின் படைப்புக்கள்! எந்த ஊரிலும் எந்த அப்புவும் ஒரு கடதாசித் துண்டை மடித்துப் பேரப்பிள்ளையிடம் கொடுத்தால் அது விளையாட்டுப் பொருளாகிவிடும். கசங்கும், கிழியும், மறக்கப்படும். இங்கோ அக்கை தொட்ட கணத்திலேயே கடதாசியானது பண்டமாகிவிடுகின்றது. பயன்பாட்டு மதிப்பை விழுங்கிப் பரிவர்த்தனை மதிப்பு எழுந்து நிற்கும் நிகழ்ச்சியை ‘மூலதன’த்தின் முதல் அத்தியாயத்திற் படித்துத் தடுமாறும் மாணவருக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். கருமித்தனம் என்ற ஒழுக்கவியற் சொல்லால் இதனை விளக்கிவிட முடியாது. தமது விரல்களின் ஒவ்வோர் அசைவும் சந்தையில் என்ன பெறும் என்பதை அறிந்துவிட்ட ஒருவன் அன்பளிப்பாக எதனையும் கொடுத்தல் அரிதாகின்றது. கொடுப்பது யாவும் காசோலையாகிவிடுகின்றது.

இவ்வுடைமைத் தருக்கம் திருமண வாழ்விலே மேலும் துலக்கமாகத் தெரிகின்றது. ஒல்கா 1935இற் பிரிந்தபோதிலும் பிக்காசோ அவரை விவாகரத்துச் செய்யவில்லை. 1955இல் ஒல்கா கான் நகரில் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவரே மனைவி. காரணம் சமயப் பற்றன்று. அவர்களது திருமணம் கூட்டுடைமை முறைக்கு உட்பட்டது. விவாகரத்து ஏற்பட்டிருப்பின் சொத்திற் பாதி ஒல்காவுக்குப் போயிருக்கும். யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைச் சொத்தினை வேறுபடுத்துவதை அறிந்த எமக்கு இது புதிரன்று. மணவாழ்க்கைக் காலத்திலே பிக்காசோவின் தூரிகை ஈட்டியவை பெரும்பாலும் ‘தேடியதேட்டம்’ எனத்தக்கவை. கூடத்தில் அடுக்கிவைக்கப்பட்ட விற்கப்படாத ஓவியங்களும் அதனுள் அடங்கும். அவற்றை இரண்டாகப் பங்கிடுவதிலும் பார்க்க, வெறுப்பு மண்டிய ஒரு திருமணத்தைக் கடதாசியிலே இருபது ஆண்டுகள் உயிர்வாழ வைப்பது அவருக்கு எளிதாயிற்று. அதன் விளைவு அடுத்த தலைமுறையின் தலையில் விடிந்தது. மாயா, குளோட், பலோமா ஆகிய மூவரும் தந்தைக்கு வேறொரு மனைவி இருந்த காலத்திற் பிறந்தோராதலின், அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தின்படி தந்தையின் பிள்ளைகளாக ஏற்கப்படவே முடியாத நிலையினராயினர். ஓர் ஓவியக் குவியலைப் பிரியவிடாமைக்காக மூன்று குழந்தைகள் சட்டத்தின் முன் தந்தையற்றோர் ஆக்கப்பட்டனர் என்று கூறினால் அது மிகையாகாது.

பிக்காசோவின் கலைக் காலங்களை அவரோடு வாழ்ந்த பெண்களின் பெயரால் வகுத்துக் கூறும் வழக்கம் ஒன்றுண்டு. விமர்சகர்கள் அதனை ஏதோ கவிதைபோலச் சொல்லி மகிழ்கின்றனர். அப்பெண்களின் உழைப்பு எங்கே பதிவாகியுள்ளது என அவர்கள் கேட்பதில்லை. அமர்ந்தவர்கள், வீட்டைக் காத்தவர்கள், கடிதங்களுக்குப் பதிலெழுதியவர்கள், வாயிலிற் காவல் நின்றவர்கள் அவர்களே. டோரா மார் தம்மளவிலே தேர்ந்த ஒளிப்படக் கலைஞர், பாசிச எதிர்ப்பு அணியினர். ‘குவேர்னிகா’ படிப்படியாக வளர்ந்ததை ஒளிப்படங்களிற் பதிவு செய்தவர். எனினும், அழும் பெண்ணின் முகமாகவே பெரும்பாலோர் அவரை அறிவர். மரீ தெரேஸ் 1977இலும் ஜாக்குலின் 1986இலும் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். இவற்றைப் பட்டியலிட்டுப் பழிசுமத்துவது எமது நோக்கமன்று. மரணங்களுக்கு ஒற்றைக் காரணம் தேடுவது அறிவியலுமாகாது. எனினும், ஒரு மனிதரைச் சுற்றியே தம் வாழ்வனைத்தையும் ஒழுங்கமைத்தோர் அவர் இல்லாதபோது நிற்பதற்கு நிலமின்றிப் போயினர் என்பதைக் காணாதிருக்கவும் முடியாது. ஜிலோ ஒருவரே தாமாக வெளியேறினார் (1953). தமது தூரிகையைக் கைவிடாத அவர் 2023இல் நூற்றோராவது வயதிற் காலமானார்.

இத்தகைய மனிதரின் அரசியல் வெறும் வேடமா? இவ்வாறு முடிவுகட்டுவோருடன் எமக்கு உடன்பாடில்லை. 1940களின் இறுதியிலே வலோரிஸ் என்ற மட்பாண்டத் தொழிலூரிற் குடியேறிய பிக்காசோ, நலிந்துகொண்டிருந்த அத்தொழிலுக்குத் தம் உழைப்பினாலும் புகழினாலும் புத்துயிரளித்தார். ஆட்டுக்குட்டியை ஏந்திய மனிதனின் வெண்கலச் சிலையை அவ்வூருக்கு அன்பளிப்பாக வழங்கினார். ஸ்பானிய ஏதிலிகளுக்கு உதவினார். 1951இல் ‘கொரியாவிற் படுகொலை’யை வரைந்து அமெரிக்க யுத்த வெறியைச் சாடினார். 1953இல் அவர் வரைந்த ஸ்டாலின் உருவம் கட்சித் தலைமையின் கண்டனத்துக்கு உள்ளாகியது. 1956இல் ஹங்கேரிப் பிரச்சினை குறித்துக் கட்சியிடம் விளக்கம் கோரியோருடன் அவரும் கையொப்பமிட்டார். ஆயினும் கட்சியை விட்டு நீங்கவில்லை. கோல்ஃப் ஜுவான் வலோரிசின் கடற்கரைப் பகுதியே. ஊருக்குச் சிலை கொடுத்தவரின் பேரப்பிள்ளைகள் அதே ஊரின் ஓரத்திலே தட்டுப்பாட்டுடன் வளர்ந்தனர்.

மார்கரெற் ஹார்க்னசுக்கு 1888இல் எழுதிய கடிதத்திலே, முடியாட்சிப் பற்றாளரான பால்சாக் தமது வர்க்கச் சார்பையும் மீறி யதார்த்தத்தைச் சித்திரித்தார் என்று எங்கெல்ஸ் காட்டினார். எமது விமர்சகர் அதனை எத்தனையோ தடவை எடுத்தாண்டுள்ளோம். அம்முரண்பாட்டின் மறுபுறத்தை நாம் அவ்வளவு ஆர்வத்தோடு ஆராயவில்லை. பொது வாழ்வில் முற்போக்கு அணியில் நிற்கும் ஒருவர், தமது வீட்டெல்லைக்குள் நிலப்பிரபுவின் அதிகாரத்தையும் முதலாளியின் கணக்கையும் ஒருங்கே செலுத்துதல் கூடும். மேடையிற் சமத்துவம் பேசிவிட்டு வீடு திரும்பிக் கோப்பிக்குக் குரல் கொடுப்போரை அறிவதற்கு நாம் பிரான்சு வரை போக வேண்டியதில்லை. உலகைத் தழுவிய சமாதான இயக்கத்திலே பிக்காசோ ஒரு தோழர். தமது கூடத்திலோ அவர் தனியுடைமையாளர்; உற்பத்திச் சாதனமும் உற்பத்திப் பொருளும் சந்தைப் பெயரும் அவரது ஒரே கையில் இருந்தன. குடும்பத்தினர் அவரை அணுகியது அந்தக் கூடத்தின் வாயில் வழியாகவே.

இவ்விடத்திலே முற்போக்காளர் தம்மையே விமர்சித்துக்கொள்ள வேண்டிய ஒரு சம்பவத்தைக் கூறாது செல்ல முடியாது. பிக்காசோவுடனான தமது வாழ்வைப் பற்றி ஜிலோ எழுதிய நூல் 1964இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பிரெஞ்சுப் பதிப்பைத் தடுக்க பிக்காசோ நீதிமன்றம் சென்று தோற்றார். அவ்வேளையில், நாற்பதுக்கும் மேற்பட்ட கலைஞரும் அறிவாளரும் நூலைத் தடைசெய்யக் கோரி விடுத்த அறிக்கைக்கு, அரகோனை ஆசிரியராகக் கொண்ட இடதுசாரி இலக்கிய வார இதழே இடமளித்தது. தணிக்கைக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் குரலெழுப்பியோர், ஒரு பெண் தன் அனுபவத்தை எழுதியபோது தணிக்கையைக் கோரினர். நூலுக்குப் பின்னர் குளோட், பலோமா ஆகிய இருவருக்கும் தந்தையின் வாயில் மூடப்பட்டுவிட்டது. தாயின் எழுத்துக்குப் பிள்ளைகள் தண்டனை அனுபவித்தனர். மரீனாவின் நூல் மூன்றரைத் தசாப்தங்கள் கழிந்தே வந்தது. அதற்கிடையில் இவ்வாயில் பற்றி வெளியிலிருந்தோர் அறியக்கூடியதாயிருந்தது சொற்பமே.

1973 ஏப்ரல் 8ஆந் திகதி மூஜான் என்னுமிடத்திலே பிக்காசோ காலமானார். இறுதிச் சடங்கிற் பங்குபற்ற மாயாவுக்கும் குளோட்டுக்கும் பலோமாவுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. பாட்டனாரின் முகத்தைக் காணச் சென்ற பப்லிற்றோவும் வாயிலிலேயே திருப்பியனுப்பப்பட்டார். இருபத்துநான்கு வயதினரான அவ்விளைஞர் அதன்பின் தற்கொலைக்கு முயன்று, மருத்துவமனையிலே மூன்று மாதங்கள் கிடந்து யூலையில் இறந்தார். மரீனாவின் நூல் முழுவதும் அந்தத் தமையனின் நிழலிலேயே எழுதப்பட்டது எனலாம். சாரதியாகவே காலங்கழித்த பாவுலோ 1975இல் இறந்தார்.

பிக்காசோ மரணசாசனம் எதனையும் எழுதவில்லை. அவர் விட்டுச்சென்றவற்றை எண்ணி முடிப்பதற்கே ஆண்டுகள் பிடித்தன: 1,800க்கு மேற்பட்ட ஓவியங்கள், 1,200க்கு மேற்பட்ட சிற்பங்கள், 7,000க்கு மேற்பட்ட கோட்டுச் சித்திரங்கள், ஆயிரக்கணக்கான மட்பாண்டங்களும் அச்சுப் பிரதிகளும், மாளிகைகள், பணம். யார் வாரிசு என்பதை அவர் தீர்மானிக்கவில்லை, அரசு தீர்மானித்தது. 1972 ஜனவரியில் நிறைவேறிய சட்டம் மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கு உரிமை வழங்கியது. அதன் துணைகொண்டே குளோட், பலோமா ஆகியோரை 1974இல் நீதிமன்றம் வாரிசுகளாக அங்கீகரித்தது. மாயாவும் அவ்வாறே பங்கு பெற்றார். ஆயினும் அச்சட்டமும் முழுச் சமத்துவத்தை வழங்கவில்லை. தந்தைக்கு வேறொரு மனைவி இருக்கையிற் பிறந்தோருக்குப் பாதிப் பங்கே உரியது என அது விதித்தது. அக்குறை 2001இலேயே நீக்கப்பட்டது. பாவுலோவின் பிள்ளை என்ற வகையிலே மரீனாவுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தது. ‘லா கலிபோர்னி’ மாளிகையும் அதனுள் அடங்கும். வாயிலிற் காத்து நின்ற சிறுமி அவ்வாயிலுக்கே உரிமையாளரானார்.

மரண வரியைப் பணமாகவன்றிக் கலைப்பொருளாகச் செலுத்தலாம் எனும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 203 ஓவியங்களும் 158 சிற்பங்களும் பிறவும் பிரெஞ்சு அரசுக்கு வந்தன. 1985இற் பாரிஸிலே திறக்கப்பட்ட பிக்காசோ நூதனசாலையின் அடித்தளம் இதுவே. இன்று பொதுமக்கள் காணும் அத்தொகுதி ஒரு மேதையின் கொடையன்று. ஒரு வரிச் சட்டத்தின் பேறு. முற்போக்காளர் இதனைக் கேட்டு மகிழலாம்.

ஆயின், மரீனாவின் சாட்சியத்தை எவ்வித விசாரணையுமின்றி ஏற்றுக்கொள்ளுதலும் முறையன்று. சாட்சி சொல்பவரும் ஓர் உடைமையாளரே. மாயாவின் மகன் ஒலிவியே வித்மையர் பிக்காசோ 2002இலே தமது நூலை வெளியிட்டார். அதில் வரும் பாட்டனார் பெருந்தன்மை மிக்கவர். பழிகளிற் பல மிகைப்படுத்தப்பட்டவை. ஒருவர் சட்டபூர்வமான மகனின் மகள். உரிமை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் மறுக்கப்பட்ட கசப்பு அவருடையது. மற்றவர் அங்கீகாரமற்றிருந்து அங்கீகாரம் பெற்ற கிளையைச் சார்ந்தவர். பெற்ற பெயரைப் பேணும் அக்கறை அவருக்குண்டு. இருவரும் பொய்யர் அல்லர். ஒரே மாளிகையின் வெவ்வேறு வாயில்களில் நின்று பார்க்கின்றனர். மரீனா தமது தாயை நூலிற் கடுமையாகவே மதிப்பிடுகிறார். வருமானமின்றி இரு குழந்தைகளை வளர்த்த பெண்ணொருத்தி, பிக்காசோ என்ற குடும்பப் பெயரைத் தவிர வேறெதனைப் பற்றிக்கொள்ள முடியும் என்ற கேள்வி அவருக்குப் போதியளவு எழவில்லை என்றே எனக்குப் படுகின்றது.

நீண்ட உளப்பகுப்புச் சிகிச்சையின் பின்னரே மரீனாவால் எழுத முடிந்தது. தமக்குக் கிடைத்த ஓவியங்களைக் காலத்துக்குக் காலம் விற்று வந்தார். வியட்நாமிலே ஹோ சி மின் நகரத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக ஒரு குடியிருப்பை அமைத்தார். மூன்று வியட்நாமியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார். கையிலுள்ளவற்றிற் பலவற்றைத் தாமே நேரடியாக விற்கப்போவதாக அவர் 2015இல் அறிவித்தபோது கலைச் சந்தை கலங்கியது: ஒரே வேளையிற் பல ஓவியங்கள் வந்தால் விலை விழுந்துவிடுமே! அனாதைக் குழந்தைகளின் கஞ்சியும் வர்த்தகரின் கலக்கமும் ஒரே சித்திரத்தின் விலையில் முடிச்சிடப்பட்டுள்ளன. இதற்கிடையில் 1990களின் இறுதியிலே, வாரிசுகளின் நிருவாகத்திடம் உரிமை பெற்ற பிரெஞ்சுக் கார் நிறுவனமொன்று அக்கையொப்பத்தை வண்டியிற் பொறித்து விற்றது. மரீனா அதனை வன்மையாக எதிர்த்தார். பாவுலோ வாழ்நாளெல்லாம் ஒரு காரின் சாரதி இருக்கையிலே கழித்தவர் என்பதை எண்ணுங்கால், அவ்வெதிர்ப்பின் காரத்தை விளங்கிக்கொள்ளலாம்.

அப்படியாயின், ஓவியங்களை என் செய்வது? 2023இலே பிக்காசோவின் ஐம்பதாவது நினைவாண்டு பல நாடுகளிற் கண்காட்சிகளுடன் கொண்டாடப்பட்டபோது, அவரை நூதனசாலைகளிலிருந்து அகற்ற வேண்டும் என்போரின் குரலும் அவரை எவ்வகையிலும் தொடலாகாது என்போரின் குரலும் உரத்துக் கேட்டன. மார்க்சிய விமர்சகரான ஜோன் பேர்ஜர் 1965இலேயே இதனிலும் பயனுள்ள வழியொன்றைக் காட்டியிருந்தார். புகழும் செல்வமும் பிக்காசோவைத் தனிமைப்படுத்தின. அத்தனிமையிலே வரைவதற்குரிய பொருள் அவருக்கு அருகிப்போயிற்று என்பது அவர் வாதத்தின் சாரம். அன்று பலர் அவரைக் கடிந்தனர். பேத்தியின் நூலையும் சேர்த்து வாசிக்கும்போது அவ்வாதம் வலுப்பெறுகின்றது. பிற்கால ஓவியங்களிலே ஓவியரும் அவர்முன் அமர்ந்த பெண்ணும் என்ற ஒரே காட்சி நூற்றுக்கணக்கில் மீளமீள வருகின்றது. பூட்டிய வாயிலுக்குள் மிஞ்சியிருந்த மனிதர்கள் அவ்விருவர் மட்டுமே.

‘ஆர்லகினாகப் பாவுலோ’ என்ற 1924ஆம் ஆண்டு ஓவியம் பாரிஸ் நூதனசாலையில் உள்ளது. மஞ்சளும் நீலமுமான கட்டங்கள் நிறைந்த கோமாளி உடையிலே மூன்று வயதுச் சிறுவன் ஒரு நாற்காலியில் இருக்கிறான். முகம் கனிவோடு, நுணுக்கமாகத் தீட்டப்பட்டிருக்கின்றது. அக்கனிவைப் பொய்யென்று எவரும் சொல்லார். பிக்காசோ இதனை விற்கவில்லை. கடைசி வரையில் தம்மிடமே வைத்திருந்தார். அவர் இறந்தபின் வரியாக அரசுக்குச் சென்ற ஓவியங்களுள் இதுவும் ஒன்று. பங்கீடு முடிவதற்கு முன்னரே பாவுலோ இறந்துவிட்டார். சிறுவனின் பாதங்களும் நாற்காலியின் கால்களும் வண்ணம் பெறாது, கோடுகளாகவே விடப்பட்டுள்ளன.